மருந்து அலமாரியின் இரண்டாவது சாவி



இந்த இதழுக்கு வேறொரு விஷயம் எழுதுவதாக இருந்தேன். ஆலங்காயத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் படித்ததும் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

எழுதியவர் ஒரு தாய். பெயர் வேண்டாம், அடையாளம் தெரியாமலிருக்க ஓரிரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். மகள் நர்ஸிங் முடித்து வெளியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு. வார்டில் வேலை பார்த்தாள். ஒரு நாள் பெட்டி படுக்கையோடு வீடு வந்து சேர்ந்தாள். ‘வேலை பிடிக்கல’ என்றாள். கொஞ்ச நாள் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளைத் தூக்கித் திருப்பி அவளுக்கு இடுப்பு வலி. வலிக்காகப் போட்டுக்கொண்ட ஊசி, வலி போன பிறகும் நிற்கவில்லை. நோயாளிக்குப் போட்டது போக ஆம்பியூலில் மிச்சமிருந்ததை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள். ஒரு நைட் டியூட்டியில் பாத்ரூமில் பிடிபட்டாள்.

நிர்வாகம் போலீஸுக்குப் போகவில்லை. ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டது. “அந்த மட்டும் பெரிய மனசு பண்ணாங்க” என்று எழுதியிருக்கிறார் அம்மா. கடைசி வரியில் கேட்டிருப்பது இது: “வேற ஊர்ல வேலைக்கு அனுப்பலாமா, இல்ல கல்யாணத்தப் பண்ணி வெச்சிடலாமா?”

அம்மா, இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்த நிர்வாகம் செய்தது பெரிய மனசும் இல்லை.

உங்கள் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு ஆலங்காயம் என்றால் காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கப் போகிற வழி. ஊர்க்காரர்களுக்கு அது ஜவ்வாது மலை அடிவாரம், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு பெண் நர்ஸிங் சேருகிறாள் என்றால் அந்த வீடே சேர்ந்து படிக்கிறது. மாடு விற்ற காசு, நகை வைத்த காசு, பேங்க் லோன், எல்லாம் அந்த ஒரு வெள்ளைக் கோட்டுக்குள் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே நர்ஸிங் பட்டப்படிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்திலிருந்து வட ஆற்காட்டுக் குடும்பங்களுக்கு இந்தப் படிப்பின் மேல் தனி மரியாதை. அப்படிப்பட்ட படிப்பு ஓர் ஊசியில் போய்விடுமோ என்று எந்தத் தாய்க்குத்தான் அடிவயிறு கலங்காது?

ஆனால் யாருக்கும் தெரியாமல் வேறு ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அதற்கு ஒரு பதில் உலகத்துக்கே தெரிந்த வழக்கில் இருக்கிறது.

அமெரிக்காவில் டேவிட் க்வியாட்கோவ்ஸ்கி என்று ஒருவர். நர்ஸ் இல்லை, ஆஸ்பத்திரி டெக்னீஷியன். ஃபென்டனில் என்ற வலி ஊசிக்கு அடிமை. 2008-ல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பெரிய மருத்துவமனையில் பிடிபட்டார். வெளியே அனுப்பினார்கள், போலீஸுக்குச் சொல்லவில்லை. 2010-ல் அரிசோனாவில் மருத்துவமனைக் கழிவறையிலேயே சுயநினைவு இல்லாமல் கிடந்தார், கூடவே சிரிஞ்ச். அங்கேயும் வேலை போனது. அடுத்த மாநிலத்தில் அடுத்த வேலை கிடைத்தது. 2011-ல் நியூ ஹாம்ப்ஷயரில் எக்ஸிடர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

இதற்குள் அவருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. நோயாளிக்காக நிரப்பி வைத்த சிரிஞ்சை எடுத்துத் தனக்குப் போட்டுக்கொள்வார். காலி சிரிஞ்சில் சலைன் நிரப்பி இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். நோயாளிக்கு வலி மருந்துக்குப் பதில் உப்புத் தண்ணீரும், கூடவே கிருமியும் போனது. 2012-ல் விஷயம் வெடித்தபோது ஆயிரக்கணக்கானவர்களை வரவழைத்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதாயிற்று. பல மாநிலங்களில் 40-க்கும் மேற்பட்டவர்களுக்கு அவரிடமிருந்து தொற்று போயிருந்தது. 2013 டிசம்பரில் அவருக்கு 39 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள்.

அவர் சரி, குற்றவாளி. அதுவரை அவரை வழியனுப்பி வைத்தவர்கள்? ‘நம்ம ஆஸ்பத்திரி பேர் கெடக் கூடாது’ என்று சில இடங்களிலாவது யாரோ நினைத்திருக்க வேண்டும். அந்தத் தாய் பெரிய மனசு என்று நினைக்கிறாரே, அது இதுதான். பிரச்சினையைத் தீர்க்கவில்லை, பஸ் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு வழக்கு. இதைப் படிக்கும் பெண்களுக்கு வயிற்றைப் பிசையும், இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், யேல் பல்கலைக்கழகத்தின் கருத்தரிப்பு மையம். குழந்தைக்காக ஏங்கி வரும் பெண்களுக்குக் கருமுட்டை எடுக்கும் சிகிச்சை. அதற்கு முன் ஃபென்டனில் கொடுப்பார்கள். 2020-ல் சில மாதங்கள் அங்கே ஒரு செவிலியர் குப்பியிலிருந்த மருந்தைத் தான் எடுத்துக்கொண்டு, உப்புத் தண்ணீரை நிரப்பி வைத்திருக்கிறார். அந்த மாதங்களில் கொடுக்கப்பட்ட ஃபென்டனிலில் முக்கால்வாசி இப்படிக் கலப்படமானது என்று அரசுத் தரப்பு சொன்னது.

பெண்கள் வலியில் கத்தினார்கள். ‘மருந்து வேலை செய்யல’ என்றார்கள். என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நம் ஊர்ப் பிரசவ வார்டில் கிடைக்கிற அதே பதில்தான், ஆங்கிலத்தில். கொஞ்சம் பொறுத்துக்கோ, சிலருக்கு அப்படித்தான் இருக்கும். கடைசியில் மாட்டிக்கொடுத்தது அந்தப் பெண்களின் அலறல் இல்லை, ஒரு குப்பியின் மூடி லூஸாக இருந்தது. வலியைச் சொல்லும் பெண்ணை யாராவது ஒருவர் காது கொடுத்துக் கேட்டிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

அந்தச் செவிலியர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2021 மே மாதம் தீர்ப்பு: நான்கு வார இறுதிகள் சிறை, மூன்று மாதம் வீட்டுக்காவல், மூன்று ஆண்டு கண்காணிப்பு. மூன்று பிள்ளைகளின் தாய், போதைக்கு அடிமையானவர் என்பதையெல்லாம் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் கொதித்துப் போனார்கள். எங்கள் வலிக்கு விலை நாலு வாரக் கடைசியா?

என்னைக் கேட்டால், அந்தப் பெண்கள் கேட்டது நியாயம். மிச்ச மருந்தை எடுத்த செவிலியரும், நோயாளிக்குத் தண்ணீர் ஏற்றிய செவிலியரும் ஒன்றில்லை. முதலாமவருக்கு இருப்பது நோய். இரண்டாமவருக்கும் நோய்தான், ஆனால் அதற்கு மேல், எழுந்து நிற்க முடியாத ஒருவருக்கு இழைத்த துரோகமும் இருக்கிறது. அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய விஷயம். அதில் தயவு தாட்சண்யம் பார்க்க நான் சொல்ல மாட்டேன்.

சிக்கல் என்னவென்றால், முதல் படியில் நிற்பவரைப் பிடித்து நிறுத்த நம்மிடம் வழியே இல்லை. அதனால்தான் சிலர் இரண்டாம் படிக்கு ஏறிவிடுகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள வார்டுக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம். மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை மற்ற மருந்துகளோடு டிராலியில் கிடக்காது. இரட்டைப் பூட்டு போட்ட அலமாரி, இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். தனி ரிஜிஸ்டர். எந்த நோயாளிக்கு, எந்த டாக்டர் சொல்லி, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுத வேண்டும். காலி ஆம்பியூலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது வரும். ஃபென்டனில் சின்ன ஆம்பியூலில் 2 மில்லி, அதாவது 100 மைக்ரோகிராம் இருக்கும். டாக்டர் 50 போடச் சொன்னால், மீதி 50 என்ன ஆகும்? இன்னொரு சிஸ்டர் பார்க்க அதைக் கொட்டிவிட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். விதி இதுதான், நல்ல விதி.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ‘இன்னொரு சிஸ்டர்’ எங்கே? பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வைத்த அளவு. உங்கள் வீட்டில் யாரையாவது அட்மிட் செய்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், ராத்திரியில் அந்தக் கணக்கு என்ன ஆகிறது என்று. ஒரே சிஸ்டர் இந்தக் கடைசிக் கட்டிலிலிருந்து அந்தக் கடைசிக் கட்டில் வரை ஓடிக்கொண்டிருப்பார். இரண்டு சாவியும் அவர் பாக்கெட்டிலேயே இருக்கும். இரண்டாவது கையெழுத்தை, காலையில் டியூட்டிக்கு வருபவர் ஹேண்டிங் ஓவர் நேரத்தில் முந்தின ராத்திரிக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார். கெட்ட எண்ணத்தில் இல்லை, தோழி மேல் உள்ள நம்பிக்கையில்.

ஆகவே ‘பூட்டை இன்னும் இறுக்கு’ என்பது மட்டும் தீர்வில்லை. இறுக்கி ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டாயிற்று. 1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, மார்ஃபின் வைத்திருக்க இத்தனை லைசென்ஸ், அத்தனை பெர்மிட் என்று ஆகி, பல மருத்துவமனைகள் ‘இந்தத் தலைவலியே வேண்டாம்’ என்று வாங்குவதையே நிறுத்திவிட்டன. புற்றுநோய் முற்றியவர்கள் வலியில் துடித்துச் செத்தார்கள். கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடி, 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்கு வழி சுலபமானது. மலையடிவார ஊரில் புற்றுநோயோடு கிடக்கும் ஒரு தாத்தாவுக்கு மார்ஃபின் மாத்திரை கிடைக்க வேண்டும். யாரோ ஒரு நர்ஸ் தப்பு செய்தார் என்று அந்தத் தாத்தாவின் மாத்திரையைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

சரி, பிடிபட்ட செவிலியருக்கு இங்கே என்ன நடக்கும்?

அரசு வேலையில் இருந்தால் முதலில் மெமோ. ‘17ஏ’, ‘17பி’ என்று நம் அரசு ஊழியர் வீடுகளில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். 17ஏ என்றால் சின்னத் தண்டனை. 17பி என்றால் விசாரணை, சஸ்பெண்ட், வேலையே போகிற வரைக்கும் போகலாம். அதில் குறைந்தபட்சம் ஒரு முறை இருக்கிறது. உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. தொகுப்பூதிய நர்ஸுகளின் கதை வேறு. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 7,700 ரூபாய்க்கு ஆயிரக்கணக்கானவர்களை எடுத்தார்களே, அப்படிச் சேர்ந்து நிரந்தரத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர், தனக்கு இப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வார்? தனியாரில் அதுவும் இல்லை. ‘நாளையிலிருந்து வர வேண்டாம்.’

பணி வேறு, பதிவு வேறு. பதிவு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிடம் இருக்கிறது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அமைப்பு. தவறு நிரூபணமானால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ‘சர்டிஃபிகேட் போயிடும்’ என்று நம் வீடுகளில் பயப்படுவது இதைத்தான். நீக்கத் தெரிந்த சட்டத்துக்கு, ‘மருந்து அலமாரிப் பக்கம் போகாதே, வைத்தியம் பார்த்துக்கொள், குணமானதும் வா’ என்று சொல்லும் நடுவழி தெரியவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய சட்டத்திடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. 2023-ல் நாடாளுமன்றம் தேசிய நர்ஸிங் மற்றும் மகப்பேறு பணி ஆணையச் சட்டம் என்று புதிதாக ஒன்றை இயற்றியிருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வருவது இது. அதில் நன்னடத்தைக்கும் பதிவுக்கும் தனி வாரியம் உண்டு. விதிகளை எழுதுகிறவர்கள் அந்த நடுவழியை இப்போதே எழுதிவிட்டால் என்ன?

இது ஏதோ புதுமை இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் 1983-லேயே இதைச் செய்துவிட்டது. போதைக்கு ஆளான செவிலியர் தானாக வந்து சொன்னாலும், சக ஊழியர் சொன்னாலும், முதல் வேலை அவரை வார்டிலிருந்து வெளியே எடுப்பது. அதில் பேச்சே இல்லை. பிறகு சிகிச்சை. பிறகு எழுத்தில் ஒப்பந்தம்: எப்போது கூப்பிட்டாலும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வர வேண்டும், குறிப்பிட்ட காலம் போதை மருந்துச் சாவியைத் தொடக் கூடாது, ஆரம்பத்தில் நைட் டியூட்டி கிடையாது, கண்காணிப்பு வருஷக்கணக்கில். மீறினால் வழக்கம் போல் ஒழுங்கு நடவடிக்கை. இன்று பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் இப்படி ஏதோ ஒன்று இருக்கிறது. இருந்தும் க்வியாட்கோவ்ஸ்கி நடந்ததே என்று கேட்பீர்கள். நடந்தது, ஏனென்றால் இந்த வழி நர்ஸுகளுக்கானது, அவர் நர்ஸ் இல்லை; சொல்ல வேண்டியவர்களில் சிலரும் வாயைத் திறக்கவில்லை.

மன்னிப்பு ஏமாற்றும் என்பதையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் டாக்டர் ஹெரால்ட் ஷிப்மேன், பெத்திடின் ஊசிக்காகப் போலிச் சீட்டு எழுதிப் பிடிபட்டு, 1976-ல் அபராதம் கட்டி, மறுபடி தொழிலுக்கு வந்தார். 2000-ல் அவர் மேல் நிரூபணமானது 15 நோயாளிகளின் கொலை. போதையும் கொலையும் ஒன்றில்லை. ஆனால் திரும்பி வந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பதுதான் அங்கே தவறு. கண்காணிப்பு இல்லாத மன்னிப்பை நான் கேட்கவில்லை.

நம் சட்டத்திலேயே ஒரு ஜன்னல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அதே 1985 சட்டத்தின் 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர், உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் பாதுகாப்பும் போய்விடலாம். இது திருட்டு வழக்குக்குப் பொருந்தாது. ஆகவே ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இருந்தாலும் பாருங்கள்: பொதுச் சட்டமே ‘முதலில் வைத்தியம்’ என்கிறது. வைத்தியம் பார்க்கிற தொழில் மட்டும் ‘முதலில் வெளியே போ’ என்கிறது.

இப்போது நம் வீட்டு விஷயம். இது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும்.

தெருவில் ஒரு நர்ஸ் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? ‘எம்மா, முட்டி வலி தாங்கல, வரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து நாலு மாத்திரை எடுத்தாயேன்.’ ‘அக்கா, தூக்கமே வரல, ஏதாவது குடேன்.’ மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்கிறார்கள், சிஸ்டர் கேட்க மாட்டார். அல்பிரசோலம், டயஸிபாம், டிரமடால் எல்லாம் ‘எச் 1’ பட்டியலில் உள்ளவை. 2014 மார்ச்சிலிருந்து கடைக்காரர் இவற்றை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். டிரமடாலை 2018-ல் போதைப் பொருள் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட மாத்திரையைத்தான் உப்பு, புளி மாதிரி பக்கத்து வீட்டில் கடன் கேட்கிறோம். வார்டிலிருந்து ஒரு மாத்திரை கைப்பையில் போவது தப்பில்லை என்று அந்தப் பெண்ணுக்கு முதலில் பழக்கியது யார்? எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மருத்துவர் சொல்லாமலே தூக்க, மயக்க மாத்திரைகளைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தியாவில் சுமார் 1.18 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோர் நர்ஸ் இல்லை. நாம்தான்.

கடிதம் எழுதிய அம்மாவுக்குத் திரும்ப வருகிறேன். கல்யாணம் இதற்கு மருந்தில்லை. இன்னொரு வீட்டுக்குத் தெரியாமல் பாரத்தை இறக்கி வைப்பதும் சரியில்லை. மகளை முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்தப் பழக்கத்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு படாத பாடு படும், வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். 14416 டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்பையும் நோயாகவே கணக்கில் எடுக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிப்பழக்கத்துக்குக் கணவரைப் பறிகொடுத்த பிறகு 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மையம் இன்றும் நடக்கிறது. அங்கே உள்ளே போகிறவரோடு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். உங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். தயங்காமல் போங்கள்.

வேலை? கிடைக்கும். ஆனால் ஐ.சி.யு.வும் ஆபரேஷன் தியேட்டரும் இப்போதைக்கு வேண்டாம். போதை மருந்தே இல்லாத இடங்கள் நர்ஸிங்கில் எவ்வளவோ இருக்கின்றன: தடுப்பூசி, பள்ளி சுகாதாரம், நர்ஸிங் பள்ளி ஆசிரியர் வேலை. புதிய இடத்தில் மேலதிகாரி ஒருவரிடமாவது அவளே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை தருவார்களா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நிறையப் பேர் தர மாட்டார்கள். அதை மாற்றத்தான் விதி வேண்டும் என்கிறேன்.

நம் வாசகர்களில் நர்ஸுகள் ஏராளம் என்று எனக்குத் தெரியும், ஆலங்காயத்திலிருந்து அபுதாபி வரை. உங்களிடம் ஓர் உதவி. எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். எந்த மாதிரி வார்டு, ராத்திரியில் எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் டியூட்டி, இரண்டாவது சாவி நிஜத்தில் யாரிடம் இருக்கிறது, மிச்ச மருந்தைக் கொட்டும்போது யார் பார்க்கிறார்கள், இவ்வளவு போதும். வந்ததையெல்லாம் சேர்த்து ஒரு கட்டுரையாகப் போட்டு, அந்த இதழில் ஒரு பிரதியைச் செவிலியர் கவுன்சிலுக்கும் ஒரு பிரதியைச் சுகாதாரத் துறைச் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்